எல் ரோப்லேயின் வியாழக்கிழமை வகுப்பு

2018 மே மாதம் 10ஆம் தேதி, வியாழக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, கொலம்பியாவின் உயிலா மாநிலத் தெற்கு மலையில் உள்ள எல் ரோப்லே கிராமப் பள்ளியில், ஆறாம் ஏழாம் வகுப்பு மாணவர்கள் பதினெட்டுப் பேருக்கு ஆங்கிலப் பாடம் நடந்தது. பாடம் எடுத்தவர் பயிற்சி ஆசிரியை தெயானிரா குவேயர், வயது இருபத்திரண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்து உற்றுநோக்கியவர் அவருடைய மேற்பார்வையாளர், பேராசிரியர் எஃப்ராயின் லோசாதா.

லோசாதா நான்தான். மேலே உள்ளது நான் எழுதிய உற்றுநோக்கல் தாளின் முதல் பத்தி. விசாரிக்க வந்திருக்கும் உங்கள் கோப்பிலும் அதன் நகல் இருக்கும்.

காபி ஆறிவிடும், குடியுங்கள். இந்த மலைக் காபியை ஆறவைத்துக் குடிப்பதில் பயனில்லை. நீங்கள் ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறீர்கள். அதையும் மரியாதையாகவே கேட்டீர்கள். மே 12, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, பழைய கரும்பாலை வளைவில் என் மோட்டார் சைக்கிள் கால் மணி நேரம் ஏன் நின்றது? மேலிருந்து அதைப் பார்த்த, மலைப் பேருந்து ஓட்டும் எவேலியோ ஆறு வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். காவல் நிலையத்தில் கேட்டார். நகராட்சியில் கேட்டார். ஒரு முறை தேவாலய வாசலில், என் மனைவிக்கு முன்னால் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் என்னை உட்காரவைத்து யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வேண்டுமானால் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியராகப் படிப்பவர்கள் கடைசி ஆண்டில் ஒரு பருவம் முழுக்கப் பள்ளியில் பாடம் எடுக்க வேண்டும். நகரத்துப் பள்ளிகள் முதலில் நிரம்பிவிடும். சொல்லிவைக்க ஆள் இல்லாதவர்களுக்கு மலைப் பள்ளி கிடைக்கும். ஒவ்வொருவரையும் மேற்பார்வையாளர் நான்கு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் பருவத்தில் எனக்குப் பதினான்கு பேர். ஆறு பேர் மலையில். ஒரு மலைப் பள்ளிக்குப் போய்வர ஒரு பகல் போய்விடும். எனக்கு வாரத்துக்கு இருபது மணி நேர வகுப்பு இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாகனமும் இருந்தது. அதில் நாங்கள் யாரும் ஏறியதில்லை.

ஆகவே எனக்கு முன்பிருந்தவர்கள் ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். பிப்ரவரி முதல் சனிக்கிழமை பயிற்சி மாணவர்களை அழைப்போம். காபியும் அச்சீரா பிஸ்கட்டும் கொடுப்போம். ஆளுக்கு நான்கு வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். பள்ளி முத்திரையும் முன்கூட்டியே வந்துவிடும். பிறகு ஞாயிறுதோறும் அவர்கள் பாடக்குறிப்பு அனுப்புவார்கள். பாடக்குறிப்பைப் படித்து நாங்கள் வகுப்பை எழுதுவோம். நகரத்துப் பள்ளிகளுக்கு நான் போவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், எல்லாம் முறையாக நடக்கும். மலைக்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. நல்ல பாடக்குறிப்புக்குள் வகுப்பு முழுக்க இருக்கும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை; மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

கையெழுத்துப் போடும்போது கேள்வி கேட்டவள் தெயானிரா ஒருத்திதான். ஆசிரியரை இங்கே புரொஃபே என்பார்கள்.

"புரொஃபே, நடக்காத வகுப்புக்கு இப்பவே கையெழுத்தா? நான் சொதப்பிட்டா?"

"சொதப்ப மாட்டே."

"நீங்க நல்லபடியா எழுதிட்டீங்கன்னா, அப்புறம் சொதப்பவும் முடியாதே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாள்மேல் விழுந்த பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டு நான்கையும் என்னிடம் கொடுத்தாள்.

முதல் மூன்று தாள்களையும் உரிய காலத்தில் நிரப்பினேன். மூன்று முறையும் நான் எல் ரோப்லேக்குப் போகவில்லை. நான்காவது முறையும் போகவில்லை. எல் ரோப்லேக்கு நான் போனதே இல்லை.

அந்த மே மாதம் எங்கள் துறைக்குத் தரச்சான்று புதுப்பிக்கும் குழு வந்தது. வியாழன் மாலை வந்து சனி மதியம் போவதாக ஏற்பாடு. சான்று கிடைக்காவிட்டால் துறையை மூட வேண்டியிருக்கும். நூற்று நாற்பது மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் காபித் தோட்டக் கூலிக்காரர்களின் பிள்ளைகள், வீட்டிலேயே முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள். குழு கேட்கும் முதல் ஆவணம் உற்றுநோக்கல் தாள்தான். புதன்கிழமை பிற்பகல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, மீதியிருந்த பதினோரு தாள்களையும் எழுதினேன். நான்கு மணி நேரம் ஆயிற்று. ஒரே நாளில் எழுதியது போல் தெரியக்கூடாது என்பதற்காகத் தேதிகளைப் பரப்பினேன். தெயானிராவுக்கு வியாழக்கிழமை விழுந்தது.

அவளுடைய பாடக்குறிப்பு அந்தப் பருவத்தின் மிகச் சிறந்தது. 'நான் பள்ளிக்கு வரும் வழி' என்பது தலைப்பு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வழியை வரைந்து, அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கூச்சம் போக ஆசிரியை முதலில் தன் வழியை வரைவார். மாதிரிப் படத்தையும் இணைத்திருந்தாள். பேருந்து, ஆலை வளைவு, அங்கிருந்து ஓடையை ஒட்டி இறங்கும் ஒற்றையடிப் பாதை, ஓடைக்குக் குறுக்கே ஒரு மரத்தண்டு, அதன்மேல் கையை விரித்து நடக்கும் குச்சி உருவம், மேட்டின்மேல் பள்ளிக் கொடி. நான் எழுதினேன்: 'ஆசிரியை தன் சொந்த வழியைக் கரும்பலகையில் வரைந்து காட்டியது மாணவர்களின் தயக்கத்தைப் போக்கியது.' குறையே இல்லாத தாளை யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே இதையும் சேர்த்தேன்: 'பின்வரிசைக்குக் குரல் எட்டவில்லை. இன்னும் உரக்கப் பேசப் பழக வேண்டும்.'

வெள்ளிக்கிழமை மதியம் பொகோட்டாவிலிருந்து வந்திருந்த அம்மையார் கோப்பைப் புரட்டி அந்த ஒரு தாளைத் தனியே உருவினார். எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்.

"பாராட்டும் இருக்கு, குறையும் இருக்கு. வகுப்புல உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் இப்படி எழுத வரும்," என்றார்.

துறைத் தலைவர் மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அன்று நான்கு மணிக்குத் தெயானிராவின் தாய் அராசெலி பல்கலைக்கழக வாசலுக்கு வந்தாள். காபிக்கொட்டை பொறுக்கும் கொட்டகையிலிருந்து நேராக, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். மகள் செவ்வாய் காலை ஆறு மணி வண்டியில் மேலே போவாள், பள்ளியிலேயே ஆசிரியர் அறையில் தங்குவாள், வியாழன் ஒரு மணி வண்டியில் இறங்குவாள். இந்த வியாழன் இறங்கவில்லை. வியாழன் இரண்டு மணிக்கு, வளைவுக்கும் பள்ளிக்கும் நடுவில் மண் சரிந்து மேல்சாலையை மூடிவிட்டது. சாலை திறந்ததும் வருவாள் என்று அராசெலி ஒரு நாள் பொறுத்திருந்தாள். பிறகு பொறுக்க முடியவில்லை.

மேலே தொலைபேசி எடுக்காது. பள்ளியின் நிரந்தர ஆசிரியை நெல்சி அந்த வாரம் வேறு ஊரில் ஒரு பயிலரங்கில் இருந்தார். தெயானிரா தனியாகத்தான் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் ஆசிரியர் வராவிட்டால் பிள்ளைகள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

துறைத் தலைவரும் நானும் அராசெலியைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனோம். எவேலியோ எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். சார்ஜென்ட் பெர்தோமோ கேட்டார்.

"பொண்ணைக் கடைசியாப் பார்த்தது யாரு?"

"நான்தான் சார்ஜென்ட்," என்றார் எவேலியோ. "செவ்வாய்க்கிழமை காலையில ஆலை வளைவுல இறங்குச்சு. 'பாலம் வரைக்கும் வா பிள்ள, ஓடையில தண்ணி ஏறிக் கெடக்கு'ன்னேன். 'சுத்திப் போனா முக்கா மணி நேரம் கூட ஆகும், பசங்க வாசல்ல நிப்பாங்க, எவேலியோ ஐயா'ன்னு சொல்லிட்டு இறங்கிருச்சு. வியாழக்கிழமை என் வண்டியில ஏறலை. எனக்கு அந்த ஓடை மேலதான் சந்தேகம். இப்பவே போய்ப் பார்த்துரலாம்."

தாளை மேசைமேல் வைத்தது நானல்ல. துறைத் தலைவர்தான் கோப்பிலிருந்து எடுத்து வைத்தார். கொஞ்சம் பெருமையோடுதான் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமைக் கதையெல்லாம் எதுக்கு? வியாழக்கிழமை நம்ம பேராசிரியரே அவ வகுப்புல உட்கார்ந்திருக்காரு. இந்தாங்க, கையெழுத்து, பள்ளி முத்திரை, எல்லாம் இருக்கு."

அராசெலி விரலை மேலங்கியில் துடைத்துவிட்டுக் கையெழுத்தைத் தொட்டாள். "அவ கைதான். சின்னதுலேர்ந்து இப்படித்தான் வாலை இழுப்பா," என்றாள். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. வியாழன் வரை மகள் உயிரோடு இருந்தாள் என்பது அவளுக்கு அப்போது கிடைத்த நல்ல செய்தி. அதைக் கொடுத்தவன் நான்.

"எத்தனை மணிக்குக் கிளம்புனா, புரொஃபே?" என்றார் சார்ஜென்ட்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். சுவரில் ஒரு உரக்கடை நாட்காட்டி தொங்கியது. மே 13 அன்னையர் நாள் என்று சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள்.

"பதினொன்றரை இருக்கும்," என்றேன்.

"ஓடை வழியாவா, ரோட்டு வழியாவா?"

ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. மழையில் புத்தியுள்ளவர்கள் எதைச் செய்வார்களோ அதைச் சொன்னேன். "ரோட்டு வழியா. ஓடையில தண்ணி அதிகம்னு அவளே சொன்னா."

எவேலியோ என் காலணியைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "நீங்க எதுல மேல வந்தீங்க, புரொஃபே? என் வண்டியில வரலையே."

"மோட்டார் சைக்கிள்ல."

"வியாழக்கிழமை காலையில? அந்தச் சேத்துல? நான் சங்கிலி மாட்டி ஏத்துன ஏத்தத்துல? கில்லாடிதான் நீங்க."

"எவேலியோ, நேத்து எத்தனை கிளாஸ் உள்ள போச்சு?" என்று சார்ஜென்ட் கேட்க, அங்கிருந்த காவலர்கள் சிரித்தார்கள்.

"குடிக்கிறது ஞாயித்துக்கிழமை, சார்ஜென்ட். ஓட்டறது வாரம் பூரா. செவ்வாய் எது, வியாழன் எதுன்னு எனக்குத் தெரியும்."

"இங்க முத்திரை போட்ட காகிதம் இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?"

"கண்ணு இருக்கு."

"அப்ப நாளைக்கு அந்தக் கண்ணோட வந்து மண்ணு அள்ளு."

சார்ஜென்ட் முட்டாள் அல்ல. பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து சாலை வழியாகக் கிளம்பியவள், வழியில் யார் வீட்டிலாவது நின்று பேசியிருந்தால், இரண்டு மணிக்குச் சரிவுக்கு அடியில் இருந்திருப்பாள். கணக்கு சரியாக வந்தது. ஆகவே நாற்பது பேர் மண்சரிவைத் தோண்டினார்கள்; ஓடைப் பக்கம் போக எவேலியோவையும் விடவில்லை.

வெள்ளி மாலை நான் யோசித்தது இதுதான். நாளை மதியம் குழு போய்விடும். போனதும் சொல்லிவிடலாம். அவள் இறந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வயதுப் பெண்ணுக்கு, நாம் அறியாத ஒரு வீடு எங்காவது இருக்கும். நல்லதை எதிர்பார்ப்பதில் தவறில்லை என்று நினைத்தேன்.

சனி மதியம் குழு கையெழுத்திட்டது. ஏழு ஆண்டுகளுக்குச் சான்று. துறையில் வறுத்த பன்றியிறைச்சியோடு விருந்து. எனக்குப் பசிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து தெயானிராவின் மாதிரிப் படத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தோண்டுகிறவர்களுக்கு ரொட்டி வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு மேலே போனேன்.

சரிவின் ஓரத்தில் அராசெலி ஒரு மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றாள். அவளைத் தோண்ட விடவில்லை; மண்வெட்டியைத் திருப்பி வாங்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

"வகுப்பு எப்படி எடுத்தா, புரொஃபே?"

"ரொம்ப நல்லா எடுத்தா."

"பிள்ளைங்க சிரிச்சாங்களா? இவ படிக்கிற காலத்துல வகுப்பே சிரிக்கும்."

"ரெண்டு தடவை சிரிச்சாங்க."

ஏன் இரண்டு என்று சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் சொன்னபின் சிரிப்பு கேட்டது. முதல் சிரிப்பு எதற்கு என்றும் தெரிந்தது: குச்சி உருவம் மரத்தண்டில் நடக்கும் இடத்தை அவள் வரைந்தபோது.

திரும்பும் வழியில்தான் வளைவில் நின்றேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிறு காலை எல் ரோப்லேயிலிருந்து ஒரு பெண், கீழே இருக்கும் தன் தாயைப் பார்க்க, கோழியைத் துணியில் கட்டிக்கொண்டு சரிவின்மேல் ஏறி இறங்கி வந்தாள். யாரைத் தோண்டுகிறார்கள் என்று கேட்டாள். சொன்னார்கள்.

"எங்க தெயானிரா டீச்சரா? அவங்க இந்த வாரம் வரவே இல்லையே. பிள்ளைங்க மூணு நாளும் வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்துச்சுங்க."

எவேலியோ மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மூன்று பேர் ஓடி ஏறிக்கொண்டார்கள். பிற்பகல் ஒன்று இருபதுக்கு, வளைவிலிருந்து நூறு மீட்டர் கீழே, ஓடைக்கரைப் பாறைகளுக்கு இடையில் அவளைக் கண்டார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பிள்ளைகளுக்காக வாங்கிப்போன பிஸ்கட் பொட்டலங்கள் பையில் காலியாகக் கிடந்தன. உறைகளை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருந்தாள். விழுந்ததுமே போயிருப்பாள் என்று சார்ஜென்ட் தாயிடம் சொன்னார். இரக்கத்தில் சொன்னது. எவேலியோ பொட்டலத்தைப் பார்த்திருந்தார். "இது ஒரே நாள்ல தின்னது இல்ல, சார்ஜென்ட்," என்றார். பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை நான் சார்ஜென்டிடம் போய், தேதியில் தவறு நேர்ந்துவிட்டது என்றேன். நான் எல் ரோப்லேக்குப் போனது மே 3, வியாழன். தாளில் மே 10 என்று எழுதிவிட்டேன். சான்றுக் குழு வரும் பரபரப்பில் இரண்டு வியாழனும் மனதில் கலந்துவிட்டன. இதை அவர் நம்பினார். பதினான்கு பேரையும் ஐம்பத்தாறு தாள்களையும் கையாளும் ஒருவனுக்கு இது நேரக்கூடியதுதான். துறைத் தலைவர் எனக்காகக் கடிதம் கொடுத்தார். மே 3 அன்றும் நான் வரவில்லை என்பது ஆசிரியை நெல்சிக்குத் தெரியும். ஆனால் வெற்றுத் தாளில் முத்திரை குத்தியவர் அவர். ஆண்டு முடிவில் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு வந்தது. தேதி எழுதுவதில் கவனம் தேவை என்று.

அராசெலி ஒவ்வொரு மே மாதமும் என் அறைக்கு வருகிறாள். ஒரு பை பழம் கொண்டுவருவாள். அந்த வகுப்பைச் சொல்லச் சொல்வாள். நான் சொல்வேன். ஒரே மாதிரி சொன்னால் பாடம் ஒப்பிப்பது போலிருக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒன்று சேர்ப்பேன். ஜன்னலோரப் பையன், மூக்கொழுகும் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு எழுதும் பெண், மூன்றாம் வரிசையில் இடது கையால் வரையும் சிறுமி. இப்போது அந்த அறையில் எந்த ஓடு உடைந்திருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். இந்த நகரத்தில் நான் உண்மையாகவே உட்கார்ந்து பார்த்த நூற்றுக்கணக்கான வகுப்புகளில் ஒன்றுகூட இவ்வளவு தெளிவாக நினைவில்லை.

போன வருடம் மருந்துக்கடையில் ஒரு பெண் இடது கையால் ரசீது எழுதினாள். எந்த ஊர் என்று கேட்டேன். எல் ரோப்லே என்றாள்.

"ஆறாம் வகுப்புல மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தியா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எங்க பள்ளிக்கு வந்ததில்லையே?"

மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நகரத்து வகுப்புகளில் உட்காரும்போதும் பயிற்சி ஆசிரியரின் குரலுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. ஜன்னலைச் சாத்தச் சொல்வேன். அவர்களும் சாத்துவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. மேற்பார்வையாளரை யார் கேட்பார்கள்.

இப்போது உங்கள் கேள்வி.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மழை விட்டிருந்தது. வளைவில் வண்டியை நிறுத்தி, படத்தை எடுத்துப் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். படம் மிகச் சரியாக இருந்தது. ஆலையின் இடிந்த புகைபோக்கி, ஒரு பெரிய கல், வேலி, பாதை திரும்பும் இடம். மரத்தண்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இரண்டு கரையிலும் மண் பிய்ந்த அடையாளம் மட்டும் இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஓடையின் இரைச்சல் அதிகம். முதல் முறை கேட்டது பறவை என்று நினைத்தேன். இரண்டாவது முறை மனிதக் குரல் என்று தெரிந்தது. கீழே, வலப்பக்கத்திலிருந்து வந்தது. என் சட்டை வெள்ளை; மரங்களுக்கு நடுவே தெரிந்திருக்கலாம். மூன்றாவது முறை வார்த்தை கேட்டது. "புரொஃபே" என்றது.

நான் பதில் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பழகியவன் நான். கேட்பேன், குறித்துக்கொள்வேன், வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் அது காரணமல்ல. காரணத்தைச் சொல்கிறேன். நான் குரல் கொடுத்திருந்தால் இருபது நிமிடத்தில் நாற்பது பேர் கயிற்றோடு வந்திருப்பார்கள். அன்று மாலையே அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, வியாழக்கிழமை வகுப்பைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். சான்றில் மை காய்ந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. நூற்று நாற்பது பேரை நினைத்தேன். அவளும் அந்த நூற்று நாற்பதில் ஒருத்தி என்பதும் நினைவுக்கு வந்தது. கீழே போய், ஓட்டுநர் சொன்ன இடத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று சார்ஜென்டிடம் சொல்வதாக முடிவு செய்தேன். அது போதும் என்று தோன்றியது. வேறு யாராவது கண்டுபிடித்தால் போதும்.

அடிவாரத்தில் தடுப்புக் கட்டை போட்டிருந்தார்கள். சார்ஜென்ட் ஜீப்பில் சாய்ந்து நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நான் வாங்கிப்போன ரொட்டிதான்.

"மேல ஏதாவது தெரிஞ்சுதா, புரொஃபே?"

"ஒண்ணுமில்ல, சார்ஜென்ட். மழை திரும்ப வரும்போல இருக்கு."

ஐந்து மணிக்கு மழை வந்தது.

ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்த மலையில் இஸ்திரி போட்ட சட்டை போட்டவன் எவனையும் புரொஃபே என்றுதான் கூப்பிடுவார்கள். கால்நடை ஆய்வாளரை, விதை விற்க வருபவரை, எல்லோரையும். ஆகவே அது என்னைத்தான் கூப்பிட்டது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இறந்த நேரம் ஞாயிறு அதிகாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். கற்பித்தல் பயிற்சிப் பாடத்தில் தெயானிரா குவேயர் ஐந்துக்கு நான்கு புள்ளி ஏழு பெற்றுத் தேர்ச்சி அடைந்தார்.